சிவப்புக் குழாயும் கம்பெனி பஸ்ஸும்

என் புருஷன் சாம்சனுக்கு ஒரே ஓர் ஆசை. சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று நடக்கும்போதே அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி லைனில் நின்று போல்ட் முடுக்குகிறவனுக்கு இந்த ஆசை எதற்கு என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது.

மொட்டை மாடியில் கம்பி சுற்றிய மரச்சட்டம் ஒன்றை நிறுத்தியிருக்கிறான். சூரியன் வெடித்தால் அதன் எக்ஸ்ரே மேல்வானத்தில் பட்டு, தூரத்திலிருந்து வரும் ரேடியோ அலை மாறுமாம். உடனே லேப்டாப்பில் ஒரு கோடு எகிறும். அவன் சிவப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவான். சூரிய வெளிச்சத்தில் ஒரேயொரு சிவப்பை மட்டும் உள்ளே விடும் டெலஸ்கோப் அது. வெறும் கறுப்புக் கண்ணாடியில் பார்த்தால் வெடிப்பு தெரியாதாம்.

அப்படி ஓடியதில் ஒருமுறை கோட்டை எகிறவைத்தது என் மிக்ஸி, இன்னொரு முறை கீழ்வீட்டு மோட்டார். நிஜமாக வெடித்த நாளிலெல்லாம் அவன் ஷிப்டில் இருந்தான். செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ்ரே படமும் புற ஊதாப் படமும் பிறகு போனில் வரும். ஊரே பார்த்து முடித்த பிறகுதான் பார்ப்பான், பாவம்.

அன்றைக்கு எனக்கு வீக்லி ஆஃப். அவன் நைட் ஷிப்டோடு ஓ.டி.யும் முடித்துவிட்டு வந்து, சட்டைகூடக் கழற்றாமல் தரையில் விழுந்தான். மதியம் கரண்ட் போனது. வேர்வையில் நனைந்தும் அவன் அசையவில்லை. பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில் கோடு எகிறியது. எவன் வீட்டு மோட்டார் என்று திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றேன். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மோட்டாரும் ஓடாது, மிக்ஸியும் ஓடாது.

“இன்னாப்பா, எழுந்திரு. கோடு ஏறிகினு கீது,” என்று தோளைத் தொட்டேன்.

“போல்ட்டு போட்டுட்டேன் சார்,” என்றான், கண்ணைத் திறக்காமல். வலது கை காற்றில் எதையோ திருகியது.

எனக்கு அழுகை வந்தது. அந்த உடம்பை உலுக்கி எழுப்ப மனசு வரவில்லை. குழாயை நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிவப்பு வட்டத்தில் ஓரிடம் மட்டும் தையல் பிரிந்தது போல இரண்டு கோடுகளாகப் பளபளத்தது. அவன் பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் எடுத்த படமெல்லாம் ஆடிப்போய்விட்டது.

சாயங்காலம் எழுந்து முகம் கழுவி வந்தவனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். லேப்டாப்பில் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஷூ போட உட்கார்ந்தான்.

“என்னை எழுப்பி வுட்டிருக்கலாம்ல, பிரவீனா?”

“எழுப்புனேன். நீ சூப்பர்வைசர்கிட்ட பேசிகினு இருந்த.”

அவன் சிரிக்கவில்லை. “சரி, இன்னா பாத்த? ஒண்ணு விடாம சொல்லு,” என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சொன்னேன். அந்தச் சிவப்பு, அந்த இரண்டு கோடு, அவை மெல்ல விலகிப்போனது, எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். பாதியில் பார்த்தால், ஒற்றை ஷூவோடு தூங்கிப்போயிருந்தான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சூரியனுக்காக எழுப்ப மனசு வராத நான், பஸ்ஸுக்காக அவனை உலுக்கி எழுப்பினேன்.