வயிறு நிறைந்த கிருமிகள்

நான்காவது தடவையும் தட்டு நீலமாகவே இருந்தது. பழி கண்ணாடி அக்காவின் தலையில் விழுந்தது.

ஆய்வகத்தின் குடுவை, குழாய், தட்டு எல்லாவற்றையும் கழுவுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சோதனை செய்கிறவர் கிருமி சார். நம் உடம்பு இரும்புச்சத்தை எளிதில் யாருக்கும் கொடுக்காது. கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். காய்ச்சல் கிருமி மட்டும் லேசுப்பட்டதா? இரும்பைக் கவ்வி இழுத்துவர ஒரு சரக்கைக் கக்கும். தட்டிலுள்ள நீலக் கூழிலிருந்து அப்படி இரும்பைப் பிடுங்கினால், கிருமியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விழவேண்டும். விழவே இல்லை.

"கண்ணாடியில இரும்பு ஒட்டியிருக்கு சார். சும்மா கிடைச்சா கிருமி எதுக்குத் திருடணும்?" என்று இயக்குநர் அறையில் போய்ச் சொல்லிவிட்டார் கிருமி சார். அடுத்த தட்டும் நீலமென்றால் அக்காவை வாசல் பெருக்க அனுப்பிவிடுவதாக இயக்குநரும் சொல்லிவிட்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் ஆறு தடவை அலசுகிறவள் அவள். பெருக்குவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் தான் கழுவியது அழுக்கு என்று ஒரு மனுஷன் வாய் கூசாமல் சொல்வதா?

மறுநாள் காலை அவருடைய மேசையருகே போய் நின்றேவிட்டாள். அவர் ஒரு குழாயிலிருந்து கிருமியைத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இதுங்க நேத்து வரைக்கும் எதுல இருந்துச்சு?"

"இறைச்சிச் சாறுலக்கா. கொழுகொழுன்னு வளரும்."

"அதுல இரும்பு இல்லையா?"

"ஏகப்பட்டது இரு..." கையிலிருந்த குழாயை அவர் உற்றுப் பார்த்தார்.

"மூக்கு முட்டத் தின்னுட்டு வந்ததுங்க எங்க சார் திருடப் போகும்? ரெண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்க."

கிருமி சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். இருபது வருஷப் படிப்பு முகத்தில் அசடாக வழிந்தது.

இரும்பில்லாத சாற்றில் கிருமிகளை இரண்டு நாள் பட்டினி போட்டு, அக்கா கழுவிய தட்டிலேயே வைத்தார். அடுத்த நாள், பளிச்சென்று ஆரஞ்சு வளையம்! தட்டும் கையுமாகக் கழுவும் அறைக்கு ஓடிவந்தார்.

"அக்கா, உங்க கண்ணாடி சுத்தம். தப்பு என்னோடது."

சந்தோஷத்தில் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"இங்க என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் சார்? டைரக்டர் ரூம்ல சொன்னீங்கல்ல, அங்க வந்து சொல்லுங்க."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் முன்னே நடந்தாள். தட்டை இரு கையாலும் ஏந்திக்கொண்டு கிருமி சார் பின்னாலேயே போனார்.