அணிலின் குரல் கட்டிய கதை

அந்தக் கார்ட்டூன் அணிலுக்கு வயது ஏழு. அதற்குக் குரல் கொடுப்பவளுக்கு நாற்பத்தாறு. டப்பிங் ஸ்டூடியோவில் எல்லோரும் அணிலக்கா, அணிலக்கா என்று கூப்பிட்டதில் அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் கர்வம்தான். பாதிக் குழந்தைகள் சோறு தின்பதே தன் குரலைக் கேட்டுக்கொண்டுதான் என்று வீட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுவாள்.

அந்தக் குரல்தான் இப்போது காலை வாரியது. "ஐயோ, என் பழம்!" என்று அணில் கீச்சிட வேண்டிய இடத்தில், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வந்தது. டைரக்டர் நல்ல பையன். முதலில் இன்னொரு டேக் போகலாம் என்றான், பிறகு தண்ணீர் குடியுங்கள் என்றான், கடைசியில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மாசத்துல அணில் சினிமா ரெக்கார்டிங். குரல் இப்படியே இருந்தா அணில் உங்களுக்கு இல்ல. வேற ஒரு பொண்ணைப் பாத்து வச்சிருக்கேன்."

"பாத்து வச்சிக்கோ தம்பி. பத்திரமாவும் வச்சிக்கோ. தேவைப்படாது."

வாய்தான் சொன்னது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அணிலைக் கீச்சிடவைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

என்னவென்று தெரியாத நோயும் இல்லை. தைராய்டு சுரப்பி மந்தம் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. அன்றிலிருந்து மாத்திரையின் அளவு ஐம்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்று இருபத்தைந்து என்று படியேறியது. மாத்திரை வேலை செய்தால் இறங்க வேண்டிய டி.எஸ்.எச். என்ற ரத்த அளவு மட்டும் இறங்குவேனா என்றது. முகம் உப்பியது, முடி கொட்டியது, மத்தியானமே கண் சொருகியது. "மாத்திரைய மறந்துடறியோ?" என்று வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

புது ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். நாலைந்துக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். பதினெட்டு. இரும்புச் சத்துக் கையிருப்பு அடிமட்டம், வைட்டமின் டி-யும் குறைவு. அளவை ஏற்றி எழுதப் பேனாவை எடுத்தவள் என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள்.

"ஏத்துறது சுலபம். ஆனா உங்க எடைக்கு இதுவே தாராளம். போடற மாத்திரை எங்கயோ வழியில காணாம போகுது. காலைல எழுந்ததும் என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொல்லச் சொன்னால் அணிலக்காவுக்குச் சும்மா சொல்ல வராது. தொழில் அப்படி. அலாரம் கத்தியது, செருப்பு தரையில் தேய்ந்தது, குழாயில் தண்ணீர் கொட்டியது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான். மாத்திரை டப்பா கலகலவென்றது. மடக்கென்று ஒரு வாய்த் தண்ணீர். பிறகு டப்பென்று ஏதோ உடைந்தது. கறுக், மொறுக், கறுக்.

"நில்லுங்க," என்றாள் டாக்டரம்மா. "எதை மெல்லுறீங்க?"

"அதுவா? அசிடிட்டிக்கு மெல்லுற வில்லை, டாக்டர்."

"வேற மாத்திரை எதுவும் போடலன்னு சொன்னீங்களே?"

"அது மாத்திரையே இல்லையே. எங்க ஸ்டூடியோவுல மைக் பக்கத்துலயே ஒரு கிண்ணம் நிறைய இருக்கும். மிட்டாய் மாதிரி."

குரலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வயிற்று அமிலம் மேலே வந்துவிடுமோ என்று பயம். வந்தால் குரல் நாண் புண்ணாகும். ஆகவே ஆளாளுக்கு அதைக் கொறிப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் குரல் லேசாகக் கரகரத்தபோதே அணிலக்கா காலையிலேயே ஒன்று கொறிக்க ஆரம்பித்தாள். இன்னும் கரகரத்தது, இரண்டானது.

"அதுல இருக்கிறது கால்சியம்," என்றாள் டாக்டரம்மா. "தைராய்டு மாத்திரை உடம்புல சேர விடாம நந்தி மாதிரி குறுக்க நிக்கும். உங்க குரல் கட்டினதுக்குக் காரணம் அசிடிட்டி இல்லீங்க. தைராய்டு."

குரல் கட்டியது என்று தின்றிருக்கிறாள். தின்றதால் குரல் கட்டியிருக்கிறது. அணிலக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே தன்மேல் கோபமும் வந்தது. "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டு, அதை மென்னும் தின்னிருக்கேன்," என்றாள்.

டாக்டரம்மா அளவைக் கூட்டவில்லை, குறைத்தாள். இனி மாத்திரை முழுசாக உள்ளே போகும். பழைய அளவே இருந்தால் நெஞ்சு படபடக்கும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, ஒரு மணி நேரத்துக்குக் காபிகூடக் கிடையாது. இரும்பு மாத்திரை மத்தியானம், வைட்டமின் டி ராத்திரிச் சாப்பாட்டோடு. அசிடிட்டி வில்லை அவசியம் என்றால் மட்டும், அதுவும் நாலு மணி நேரம் தள்ளி. ஏழு வாரம் கழித்து மறுபடி ரத்தம். "நடுவுல நீங்களா கூட்டறது குறைக்கறது வேண்டாம்," என்று விரலை ஆட்டினாள்.

நோய் தெரிந்துவிட்டால் அணிலக்காவுக்குப் பாதி பயம் போய்விடும். மறுநாளே மைக் பக்கத்துக் கிண்ணத்தை எடுத்து டைரக்டரின் மேசையில் வைத்தாள். "இதை அந்தப் பொண்ணுக்கும் குடுத்துடாத தம்பி," என்றாள். காலைக் காபிக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் கொடுமை. வீட்டுக்காரர் உயிருக்குப் பயந்து தன் காபியை மாடிப்படியில் நின்று குடித்தார்.

முதல் இரண்டு வாரம் ஒன்றுமே மாறவில்லை. மூன்றாவது வாரம் உப்பல் வடிந்து மோதிரம் விரலில் சுற்றியது. ஐந்தாவது வாரம் மத்தியானத் தூக்கம் விட்டது. குளிக்கும்போது மெதுவாக அணிலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பாதி தூரம் வந்து நின்றது. ரிப்போர்ட் வந்த அன்று டி.எஸ்.எச். மூன்றுக்குப் பக்கம். இரும்பு இன்னும் ஏற வேண்டும், ஏறட்டும். அவள் நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"லேசான சீன்ல ஆரம்பிப்போமாக்கா?" என்றான் டைரக்டர்.

"கஷ்டமானதைப் போடு."

போட்டான். மரத்தின் உச்சியிலிருந்து அணில் விழுகிற காட்சி, நீளமான ஒரே அலறல். புதுப் பெண்ணும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஏசி பழுதாகி, ஸ்பீக்கர் இருந்த அறையின் கதவு திறந்து கிடந்தது. அணிலக்கா மூச்சை இழுத்துப் பிடித்து, விட்டாள். குரல் மேலே போயிற்று, இன்னும் மேலே போயிற்று, எங்கேயும் உடையவில்லை.

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாருங்க குழந்தைய அடிச்சது? குழந்தை எங்க?" மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு மைக் அறையைக் காட்டினான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அணிலக்கா வெளியே வந்தாள். அழக் கூடாது என்றுதான் இருந்தாள், கண் கேட்கவில்லை. பதறி நின்ற அந்த மனிதரின் கையைப் பிடித்து, ஏழு வயதுக் குரலில் சொன்னாள்:

"நான்தான் மாமா விழுந்தேன். அடி ஒண்ணும் படல."