கிப்லி சாரின் நான்காவது ஆள்

ஏழாம் வகுப்பில் கணக்குக்கு இரண்டு பிரிவு இருந்தது, சாதாரணம் ஒன்று, நன்றாகப் படிக்கிறவர்களுக்கான ஹானர்ஸ் ஒன்று. ஹானர்ஸில் சேர ஆசிரியரின் சிபாரிசு வேண்டும். கணக்கு ஆசிரியர் கிப்லி சார் எனக்குச் சிபாரிசு எழுதவில்லை. அப்படியும் சேர வேண்டுமென்றால், "ஆசிரியரின் கருத்துக்கு மாறாகச் சேர்க்கிறேன்" என்ற தாளில் பெற்றோர் கையெழுத்துப் போடலாம். அம்மா யோசிக்காமல் போட்டாள்.

அம்மா எங்கள் பள்ளிச் சமையலறையில்தான் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு வரிசையில், தலைக்கு வலை கட்டிக்கொண்டு, பிசைந்த உருளைக்கிழங்கு பரிமாறுவாள். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்குப் பக்கம், இரும்பு ஆலை மூடிப்போன ஊர் எங்களுடையது. அங்கே அது நல்ல வேலை.

முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினேன். அன்று மதியம் வரிசையில் எனக்கு முன்னால் கிப்லி சார் நின்றிருந்தார். அம்மா அவர் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மிஸஸ் ஹட்சாக், இதை அளக்குற மாதிரி பொண்ணோட மூளையையும் கரண்டியால அளந்து போட்டுட முடியாதும்மா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவின் கழுத்து சிவந்துபோனது. ஆனாலும் அவர் தட்டில் குழம்பை ஊற்றி, "அடுத்தது யாரு?" என்றாள். அடுத்தது நான்தான். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் சமையலறைக்குப் போய்விடுவேன். தட்டு கழுவும் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும். ஈரம் காயாத எஃகு மேசையில் புத்தகத்தைப் போட்டு, புரியாததைப் புரியும்வரை போட்டுப் பார்ப்பேன். டாலியா ஸ்டர்ஜிஸ் சில நாள் கூட வந்து உட்காருவாள். அந்த வகுப்பில் என்னோடு பேசிய ஒரே பெண் அவள். பின்னங்களை எனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தது அவள்தான், கிப்லி சார் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எண்பது வந்தது. பிப்ரவரியில் வகுப்பிலேயே முதல் ஆள் நான். கிப்லி சாரின் பேச்சு மாறியது. "நம்ம ரோஸ்லின்" என்று தோளைத் தட்டினார். மாவட்டக் கணக்குப் போட்டிக்கு நால்வர் அணி போட்டபோது, டாலியாவோடு என் பெயரையும் எழுதினார். ஹானர்ஸ் பிள்ளைகள்தான் போக முடியும், நாலு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் அணியைச் சேர்க்க மாட்டார்கள், பெயர் கொடுத்த பிறகு ஆளை மாற்றவும் முடியாது. அந்த வருடம் போட்டியைப் பார்க்க உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வருகிறார், ஜெயித்தால் கிப்லி சாருக்கு அங்கே வேலை நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே மூன்று முறை சொல்லியிருந்தார்.

போட்டி சனிக்கிழமை. ஹானர்ஸிலிருந்து விலகக் கடைசி நாள் அதற்கு முந்தைய வெள்ளி. புதன்கிழமை விலகல் தாளை வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தேன்.

"ஏண்டி, இப்பதானே நல்லா படிக்கிற?"

"அந்த ஆளை விடக் கூடாதும்மா."

"எனக்காகன்னு சொன்னா நான் போட மாட்டேன்."

"உனக்காக இல்ல. எனக்கு வேணும்."

கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போட்டாள்.

வெள்ளி காலை முதல் வகுப்பு முடிந்ததும் தாளைக் கிப்லி சார் மேசையில் வைத்தேன். அவர் கையெழுத்தும் வேண்டும்.

"என்ன விளையாட்டு இது? நாளைக்குப் போட்டி!"

"தெரியும் சார்."

"திங்கட்கிழமை குடேன். நானே ஆபீஸ்ல பேசி வாங்கித் தரேன்."

"இன்னிக்குத்தான் கடைசி நாள்."

கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "உனக்கு என்ன வேணும்? சொல்லும்மா."

"எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. எங்க வச்சு சொன்னீங்களோ, அங்கயே."

எதைச் சொல்கிறேன் என்று அவருக்குச் சட்டென்று புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொதித்தது. நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மதியம் கேட்டார். வரிசையில், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சிடுங்க" என்றார். அம்மா வலையைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல சார், அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாள்.

கடைசி மணிக்கு அவர் அறைக்குப் போனேன். சிரித்தார். "கேட்டுட்டேன். நீயும் பார்த்தல்ல? அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாமா?"

"கேட்டா விலக மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே சார். கையெழுத்துப் போடுங்க."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. வாய் ஓரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் அதை ஆசை தீரப் பார்த்தேன். பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

அணி போகவில்லை. உயர்நிலைப் பள்ளி வேலைக்கு வேறு ஊர்க்காரர் ஒருவரை எடுத்தார்கள். கிப்லி சார் ஓய்வு பெறும்வரை அதே அறையில்தான் இருந்தார்.

அவர் மன்னிப்புக் கேட்ட பிறகும் நான் விலகியது தெரிந்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த மனுஷன் எல்லார் முன்னாடியும் கேட்டான். நான் சரின்னேன். அப்புறம் நீ என்ன, என் சொல்லுக்கு மேல?" இரண்டு வாரம் அவசியத்துக்கு மட்டும்தான் என்னோடு பேசினாள்.

டாலியா அதுகூட இல்லை. அந்தப் போட்டிக்காக அவள் அப்பா வேறு மாநிலத்திலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்தார். அவரை அவள் பார்த்து எட்டு மாதம். நான் அவளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள் என்று தெரியும்.

இன்று எனக்கு முப்பத்தாறு வயது. கிப்லி சாரை நினைத்து ஒருநாளும் வருந்தியதில்லை. டாலியாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவது பிரிக்காமலே திரும்பி வந்தது.