பல் செட்டில் ஒரு சந்து

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ‘செட்’ என்ற குட்டி ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். கம்மல் செட், டீ செட், சினிமா செட். ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’. தெருமுனையில் வெட்டிக்கதை பேசும் ஒரு செட். அகராதியில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. பிறப்பும் ஒன்றல்ல. வினையாக வருவது, ‘உட்கார வை’ என்ற பொருளுள்ள பழைய சொல். கூட்டத்தைக் குறிப்பதோ, லத்தீனில் ‘பின்னால் போகிறவர்கள்’ என்றிருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் ஒண்டிக்கொண்டன.

இவ்வளவு எழுதியபோது எனக்குப் பல்வலி. கட்டுரை அங்கேயே நின்றது.

2

‘மருத்துவமனையின் வெண்ணிறச் சுவர்கள் அவளை…’

வேண்டாம். சுவருக்கு இங்கே என்ன வேலை? பேச்சிலிருந்து தொடங்குகிறேன். பல் மருத்துவமனையில் என் பக்கத்து நாற்காலிகளில் ஒரு தாயும் மகளும். தாய்க்குப் பல்லெல்லாம் எடுத்தாகிவிட்டது. பல் கட்டுபவர், மெழுகில் பல் பதித்த செட்டைக் கொண்டுவந்தார். மெழுகில் இருக்கும்வரை பல்லை நகர்த்தலாம். மெழுகை நீக்கி பிளாஸ்டிக் வார்த்து, அது வெந்து இறுகிவிட்டால் முடியாது.

“வரிசையா வந்திருக்கும்மா. பழைய போட்டோல முன்பல்லு நடுவுல சந்து இருந்துச்சு, அடைச்சிட்டேன்.”

“யாருப்பா அடைக்கச் சொன்னது? அதுலதான் விசில் வரும்.”

“அம்மா! மெதுவா பேசு.”

“என்னத்த மெதுவா? உங்கப்பா வாசலைத் தாண்டினா நீயா ஓடிப் பிடிக்கிற?”

3

(இதை அந்த அம்மாவே எனக்குச் சொன்னார். அவருடைய கணவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. பெயர் சொன்னால் திரும்பமாட்டார். மனைவியின் விசிலுக்குத் திரும்புவார். கல்யாணமான புதிதில், கூட்டத்தில் அவரைக் கூப்பிட அவள் கண்டுபிடித்த வழி அது. பல் போனபின் வெறும் காற்றுதான் வருகிறது. போன வாரம் பேருந்து நிலையம்வரை போய்விட்டார்.)

மகளை முதலில் வில்லியாக எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அவள் சொன்னது இதுதான்:

“கதவைப் பூட்டி வைக்கலாம்னா அதுக்கும் மாட்டேங்குற.”

“பூட்டி வைக்க அவரு என்ன சைக்கிளா?”

4

பல் கட்டுபவர் சின்னக் கத்தியைச் சூடாக்கி, இரு முன்பற்களையும் சற்றே விலக்கி, செட்டைத் தாயின் வாயில் மாட்டினார்.

“ஊதிப் பாருங்க.”

ஊதினாள். ஒரு பல் மெழுகை விட்டுக் கழன்று அவருடைய சட்டைப் பையில் விழுந்தது. (இல்லை, தரையில்தான் விழுந்தது. சட்டைப் பை நான் வைத்தது.) முதலில் சிரித்தவள் மகள். பிறகு குனிந்து அதை எடுத்து நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கண்ணே.”

5

என் முறை வந்துவிட்டது. இதற்குமேல் நான் பார்க்கவில்லை. விசிலுக்கு அந்தக் கணவர் திரும்புவதாக ஒருமுறை எழுதினேன், ரொம்பவே இனித்தது. திரும்பாமலே போவதாக இன்னொருமுறை எழுதினேன். அதை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆகவே இவ்வளவுதான்:

அவர் வாசலைத் தாண்டி, தெருவில் பாதிதூரம் போய்விட்டார். மகள் செருப்பைத் தேடவில்லை. தாயைப் பார்க்கிறாள்.

“அடிம்மா.”

புது செட்டோடு தாய் உதட்டைக் குவிக்கிறாள்.

கேட்டதா? அப்படியென்றால் அவர் திரும்புகிறாரா என்று நீங்களே பாருங்கள். எனக்கு இங்கிருந்து அவருடைய முதுகுதான் தெரிகிறது.