தொண்ணூறு நாள்

அமெரிக்காவிலிருந்து தன் தம்பி அனுப்பிய போனைப் பெட்டிகூடப் பிரிக்காமல் என் சிம் கடையின் கண்ணாடி மேசை மேல் வைத்தார் மங்கம்மாக்கா. "லாக் எதுவும் இல்லியாம் ரகு அண்ணா. எந்த சிம் போட்டாலும் எடுக்குமாம். பாத்து போட்டுக் குடுங்க."

அவர் கணவர் பாபுவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். செத்தவர் யாரிடமிருந்தாவது கிட்னி கிடைத்தால் போன் வரும். அரை மணிக்குள் எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். பழைய போன் சார்ஜ் நிற்காமல் அணைந்து அணைந்து போகிறதென்றுதான் தம்பி இதை அனுப்பியிருக்கிறான்.

சிம்மைப் போட்டேன். ஒரு சிக்னல் கோடுகூட வரவில்லை. பூட்டு இல்லையென்றால் எல்லாம் எடுக்கும் என்று அர்த்தமில்லை. அந்த ஊருக்கென்று செய்த போன் அந்த ஊர் அலைவரிசைகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். அக்காவின் சிம் கம்பெனி இங்கே தரும் அலைவரிசை அதில் இல்லவே இல்லை. கடையில் கிடந்த இன்னொரு கம்பெனி சிம்மைப் போட்டேன். கோடு முழுசாக ஏறியது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

எங்கள் ஊரில் சிம் விற்கிறவன் முதலில் கேட்க வேண்டியது, வீடு எந்த லைனில் என்பது. தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளுக்கு நாங்கள் லைன் என்போம். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் எடுக்கிற கம்பெனி அந்தப் பக்கம் எடுக்காது. மேட்டுக்கு அந்தப் பக்கமுள்ள ஸ்கெலட்டன் லைனில் இந்தப் புதுக் கம்பெனி தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். அக்கா வீடு ஸ்கெலட்டன் என்பதும் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. மாதக் கடைசி. பழைய நம்பரிலேயே இந்தக் கம்பெனிக்கு மாறுகிற ஆள் இன்னும் ஒருவர் கிடைத்தால், கடைக்கு விளக்கு எரியும் பெயர்ப்பலகை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நம்பர் மாறாதே அண்ணா? ஆஸ்பத்திரில அதத்தான் குடுத்துகிறேன்."

"நம்பர் அதேதான்க்கா. கம்பெனி மட்டும் மாறும். எல்லாம் சரியா இருக்கும்."

சிம் மாறிய மறுநாளே வந்து நின்றார். ஜன்னல் மேல் வைத்தால் ஒரு கோடு வருகிறது, கையில் எடுத்தால் போகிறது என்றார். "புதுசுல அப்படித்தான்க்கா, போகப் போக சரியாயிடும்" என்றேன். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னேன்.

போன் வந்தது பதினோராவது நாள் மதியம். டயாலிசிஸ் முடித்து வந்து பாபு அண்ணன் படுத்திருந்தார். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். போன் ஜன்னல் மேலேயே இருந்தது, அடிக்கவில்லை. மறுநாள் காலை அக்கா கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, சிக்னல் கிடைத்ததும்தான் ஆஸ்பத்திரி நான்கு முறை கூப்பிட்ட செய்தி மொத்தமாக வந்து விழுந்தது. திரும்பக் கூப்பிட்டால், வேறொருவருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டதாம்.

அன்று கடைக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பழைய கம்பெனிக்கே மாத்திக் குடுங்க."

"மாறினா தொண்ணூறு நாள் அப்டியே இருக்கணும்க்கா. அதுக்கு முன்னால எவனாலயும் முடியாது." வேறு நம்பர் இலவசமாகத் தருகிறேன், அதை ஆஸ்பத்திரியில் கொடுங்கள் என்றேன்.

"வாங்கி குடுத்தும் ஆச்சு. பழைய போன்ல போட்டு, சார்ஜ்லயே சொருகி அவருகிட்ட வெச்சிகிறேன். ஆஸ்பத்திரில மாத்திட்டோம்னாங்க. நீங்களும் எல்லாம் சரியா இருக்கும்னுதான சொன்னீங்க? பழைய நம்பருக்கே அடிச்சாங்கன்னா இன்னா பண்றது?"

நான் மேசை மேலிருந்த சிம் அட்டைகளை அடுக்கினேன்.

"உங்க கடையில நல்லா எடுக்குது இல்ல?" என்றார்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே எதிரில் மூடிக்கிடக்கும் கடையின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் போன். அன்றிலிருந்து தினமும் வருகிறார். நான் டீ வாங்கிக் கொடுத்தால் வேண்டாமென்பதில்லை, குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருகிறார். பகலெல்லாம் நான் யாருக்கு எதை விற்றாலும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாலை நான் கடையைப் பூட்டிய பிறகுதான் எழுந்து போகிறார்.

அக்கா வந்து உட்கார ஆரம்பித்து இன்று இருபத்து மூன்றாவது நாள். அவர் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. முறம் கவிழ்ந்து காய் தெருவெல்லாம் சிதறியது. ஒரு வாடிக்கையாளரின் சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பதிவு செய்த பெண் குரல், கன்னடத்தில், காலர் ட்யூன் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தது. தெருவின் இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அக்கா துண்டிக்கவில்லை. அது பேசி முடிக்கும்வரை, "ஹலோ, பாபு வீட்டுலருந்துதான் பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.