கள்ளிக்குப்பம் கால்வாய்: பதினோரு நாள் படங்கள்

என் வலைப்பூவைப் படிக்கிறவர்கள் நாலாயிரம் பேர். அதில் பாதிப் பேர் சண்டை போடுவதற்கென்றே வருகிறவர்கள் என்று என் மனைவி கலைவாணி சொல்வாள். சொல்லட்டும். கள்ளிக்குப்பத்தில் எந்தத் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மேனாம்பேட்டில் எந்த விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரிவதற்கு முன்னால் ஹேமநாதனுக்குத் தெரியும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான். ஆனாலும் அது பொய்யில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். கம்பெனியை மூடியதும் அதே வேலையைத் தெருவில் இலவசமாகச் செய்ய ஆரம்பித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன ஐப்பசியில் கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டில் மழைநீர்க் கால்வாய் வேலை ஆரம்பித்தார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலையை மழையில் ஆரம்பிப்பதுதானே நம் வழக்கம். நான் விடுவேனா? தினமும் காலையில் போய்ப் படம் எடுத்து, 'கால்வாய்: நாள் ஒன்று', 'நாள் இரண்டு' என்று போட்டுக்கொண்டு வந்தேன். வேலை பார்க்கிற ஆட்கள் படத்துக்குள் வந்துவிட்டால் வெட்டி எடுத்துவிடுவேன். ஜனங்களுக்குக் கால்வாய் தெரிய வேண்டும், கம்பி தெரிய வேண்டும், சிமெண்ட் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும். ஆட்கள் எதற்கு? வெட்டியது போக மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முழுப் படத்தை அன்றைக்கே அழித்துவிடுவேன். ஃபோனில் இடம் போதாது.

பதினோராம் நாள் படத்தையும் போட்டாயிற்று. மறுநாள் காலை ஆறரை மணிக்கு கால்வாய் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பக்தவத்சலத்திடமிருந்து வாட்ஸப் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஒரு ஆள் குடித்துவிட்டு நடந்துபோகும்போது பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து இறந்துவிட்டதாகவும், பெயர் சின்னப்பையன், வயது நாற்பத்திரண்டு என்றும் எழுதியிருந்தார். தினமும் என் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற மனுஷர், பொய் சொல்வாரா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வெளியே மழை. போய்ப் பார்க்கவும் இல்லை. கையில் இருந்த பழைய படத்தைப் போட்டு, 'குடிபோதையில் கால்வாய்ப் பள்ளத்தில் விழுந்து ஒருவர் பலி' என்று நாலே நிமிஷத்தில் பதிவேற்றினேன். எந்தப் பத்திரிகைக்கும் முன்னால் நான்தான் முதல். அன்றைக்குக் காபி ருசியாக இருந்தது என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு அம்மாவும் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்ணும் எங்கள் ஃப்ளாட் வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மா பெயர் நாகவல்லி. பெண் மதிவதனி, ஒன்பதாவது படிக்கிறாள்.

"ஃபோட்டோ சார் நீங்கதானே? நான் சின்னப்பையன் ஊட்டுக்காரி," என்றாள் நாகவல்லி. "அவரு கால்வா வேலைக்கிப் போயி செத்தாரு சார். குடிச்சிட்டு ரோட்ல போனவரில்ல. அவரு குடிக்கவே மாட்டாரு."

கலைவாணி அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நாகவல்லி அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். பள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் அடைத்துக்கொண்டதென்று சாயங்காலம் அவரைத்தான் இறங்கச் சொன்னார்களாம். பக்கத்து மண் சரிந்திருக்கிறது. கூட இருந்த மூன்று பேரும் ஒடிசாக்காரர்கள். மறுநாளே அவர்களை வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது கான்ட்ராக்டர், அந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை, வழியில் போன குடிகாரன் என்கிறார். நஷ்டஈடு கேட்டு நாகவல்லி போட்ட மனுவின் விசாரணையில் அதற்கு ஆதாரமாக அவர் கொடுத்திருப்பது என் பதிவின் பிரிண்ட்.

என் தப்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. கிடைத்த தகவலைத்தான் போட்டேன், போட்ட பதிவை அழிப்பது என் வழக்கமில்லை என்று என்னென்னவோ சொன்னேன். மதிவதனி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அவள் வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ என் பதிவைப் போட்டு, கீழே சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்களாம். அப்பா பெயரைத் தேடினால் முதலில் வருவது என் பதிவுதானாம். அதை நாகவல்லிதான் சொன்னாள்.

அப்புறம் நாகவல்லி, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். "தெனைக்கும் ஊட்டுக்கு வந்துகினு உங்களப் பத்திதான் சார் பேசுவாரு. 'இன்னிக்கும் ஃபோட்டோ சார் வந்தாரு, ஃபோன் நனையாம நான்தான் கொட புடிச்சேன்'னு சொல்வாரு. அவர ஞாபகம் கீதா சார் உங்களுக்கு?"

குடை ஞாபகம் வந்தது. கறுப்புக் குடை, ஒரு கம்பி உடைந்தது. நான் பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து படம் எடுக்கும்போதெல்லாம் அது என் தலைக்கு மேலே வந்து நிற்கும். வேறொன்றும் ஞாபகம் வரவில்லை. பதினோரு நாள் எனக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் நின்ற மனுஷன். அவருக்கு முகம் இருந்ததா என்றே சொல்ல முடியாத நிலைமை எனக்கு.

அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா," என்றேன்.

நாகவல்லிக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்றைக்கு மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எழுபத்து மூன்று படம். கம்பி இருக்கிறது, ஜல்லி இருக்கிறது, சேறு இருக்கிறது, ஒரு படத்தில் நாய்கூட இருக்கிறது. ஆள் என்று ஒருவர் இல்லை. படத்தில் விழுந்த ஆட்களையெல்லாம் நான் வெட்டிவிட்டேன். அவரோ படம் எடுக்கிற பக்கத்தில் நின்றவர். ஏழாம் நாள் படம் ஒன்றின் மூலையில் குடைத்துணியும் அதைப் பிடித்த கட்டைவிரலும் விழுந்திருந்தன. வெட்ட மறந்திருக்கிறேன். நாகவல்லி சட்டென்று திரையில் விரலை வைத்தாள். நகம் கறுத்துப் போயிருந்த விரல். கல் விழுந்து அடிபட்டது என்றாள். மதிவதனி ஃபோனை எடுத்து அந்த விரலைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பதிவைத் திருத்தினேன். 'குடிபோதையில்' என்பதை எடுத்துவிட்டு, தவறான தகவலை விசாரிக்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, சின்னப்பையன் அந்தக் கால்வாயில் வேலை பார்த்தவர் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பக்தவத்சலம் ஃபோன் செய்து சிரித்துக்கொண்டே, இது உங்களுக்குத் தேவையா சார் என்றார். திட்டிவிட்டு வைத்தேன். அதோடு என் கடன் தீர்ந்தது என்றுகூட நினைத்தேன்.

ஆனால் நாகவல்லிக்காக ஆஜராகிற இலவச சட்ட உதவி வக்கீல், திருத்தின பதிவை யாரும் மதிக்க மாட்டார்கள், விரலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, நீங்கள் நேரில் வந்து அந்த ஆள் அங்கே வேலை பார்த்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என்றார். வேறு சாட்சி இல்லை. ஆளை நன்றாகத் தெரியுமா என்று ஃபோனில் ஒரு முறை கேட்டார். தெரியும் என்றேன். ஒரு பொய்யை ஒருத்தியிடம் சொன்ன பிறகு இன்னொருத்தரிடம் மாற்றிச் சொல்வது எப்படி?

கலைவாணிக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று நாலு தடவை சொன்னாள். சொல்லத்தான் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. தகர ஷீட் கூரை. நான் போனதும் நாகவல்லி பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, இவர்தான் அந்த ஃபோட்டோ சார், என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரிந்தவர், எங்களுக்காகச் சாட்சி சொல்ல வருகிறார் என்று காட்டினாள். மதிவதனி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, அப்பா வேலையில் எப்படி இருப்பார் என்று கேட்டாள். அதிகம் பேச மாட்டார், பொறுப்பானவர் என்றேன். குடை பிடித்தவரைப் பற்றி அப்படிச் சொன்னால் தப்பாகாது என்று ஒரு கணக்கு. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

டிவிக்கு மேலே அவர்களுடைய கல்யாணப் படம் மாட்டியிருந்தது. இறந்தவர் படத்தைப் பெரிதுபண்ணக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. கல்யாணப் படத்தில் அடர்த்தியான சுருட்டை முடி, தடித்த மீசை. அப்பாடா என்று இருந்தது. இதோடு பதினைந்து வயதைக் கூட்டினால் ஆள் கிடைத்துவிட்டார், இனி சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குனியில் தொழிலாளர் துறை ஆபீசில் விசாரணை. காலையிலேயே மூவரும் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். நாகவல்லி கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை கட்டியிருந்தாள். மதிவதனி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சாட்சி சொல்வதைத் தானே கேட்டு, வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

விசாரணை அதிகாரி நல்ல மாதிரிதான். நான் பதினோரு நாளும் போனதை, குடையை, மோட்டாரை, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லவிட்டார். குரல் தடுமாறாமல் சொன்னேன். நாகவல்லி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருந்தது.

கான்ட்ராக்டருடைய வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி என்றார். மரியாதையாகத்தான் பேசினார். மேஜைமேல் நாலு பாஸ்போர்ட் அளவுப் படங்களை வரிசையாக வைத்தார். ஒன்று மனுவோடு நாகவல்லி கொடுத்த படம், மற்ற மூன்றும் வேறு ஆட்களுடையவை.

"பதினோரு நாள் உங்க பக்கத்திலேயே குடை பிடிச்சிக்கிட்டு நின்னவர் சார். இதுல அவர் யாருன்னு காட்டுங்க, போதும்."

நாலையும் பார்த்தேன். முதல் ஆள் ஒல்லி. இரண்டாவது ஆள் மொட்டை, அவரைத் தாண்டி வந்துவிட்டேன். மூன்றாவது ஆளுக்குச் சுருட்டை முடி, தடித்த மீசை, கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கல்யாணப் படத்தில் பார்த்தவர் வயதானால் இப்படித்தான் இருப்பார். மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்து, இவர்தான் என்றேன்.

பின்னாலிருந்து மதிவதனி "அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வக்கீல் மூன்றாவது படத்தைத் திருப்பி, பின்னால் இருந்த பெயரை அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். சாட்சியால் இறந்தவரை அடையாளம் காட்ட முடியவில்லை என்று எழுதியதை எனக்கே படித்துக் காட்டி, கீழே கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். எங்கள் பக்கத்து வக்கீல், இன்னொரு தேதி வாங்குகிறேன், ஆனால் வேறு சாட்சி யாராவது கிடைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

வெளியே வராந்தாவில் நாகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த மாசம் அவரு திருத்தணியில மொட்ட போட்டுகினு வந்தாரு சார்," என்றாள். "பாப்பா பெரிய பரிச்சைக்கெல்லாம் நல்லா எழுதணும்னு வேண்டிகினாரு. பதினோரு நாளும் மொட்டத் தலையோடதான் உங்க பக்கத்துல நின்னாரு. உங்களுக்கு அவரு மூஞ்சே தெரியாதா?"

"தெரியாதும்மா. முகத்தை நான் பார்க்கவே இல்ல."

மதிவதனி என்னைப் பார்க்காமல் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக என்னை 'எங்கப்பாவோட சார்' என்று தோழிகளிடம் சொல்லிவந்த பெண்.

"அத மொத நாளே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் நாகவல்லி. கோபமே இல்லாத குரல். "பாப்பா ஃபோனத் தொறந்தாலே அந்த மொட்டத் தலையோட அவருதான் நிப்பாரு. அப்பவே காட்டியிருப்போமே."

பெண்ணைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள். நான் வாங்கிக் கொடுத்த ரிட்டன் டிக்கெட்டை வராந்தா பெஞ்சிலேயே வைத்துவிட்டு, இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.