அவசரத்தின் கனத்த மட்டை

ரொட்டித் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அவசரம்' என்றால் போதும், அவள்தான். மணி அடிப்பதற்கு முன்பே அடுப்புக் கதவைத் திறந்துவிடுவாள். அவள் வரும் சத்தம் கேட்டாலே ரொட்டி பயந்துபோய்த் தானாக உப்பிவிடும் என்று மாவு பிசைகிறவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு சாஃப்ட்பால் மட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஆணி அடித்தாற்போல நின்றாள்.

"ஒரு கையால பிடிச்சு நேரா நீட்டுங்கம்மா. மட்டை ஆடக் கூடாது," என்றார் கடைக்காரர்.

நீட்டினாள். மட்டை ஆடவில்லை, அவள்தான் ஆடினாள். தோளிலிருந்து குதிகால் வரை எலும்பெல்லாம் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன.

"வேணாம்மா. போன மாசம் ஒரு லாரிக்காரர் இதை வாங்கிட்டுப் போயி மறுநாளே திருப்பிட்டார். சுத்த ஆரம்பிக்கவே நேரமாகும்."

"அதுதான் வேணும். என் கை முந்திக்குதுங்க. பந்து வந்து சேர்றதுக்குள்ள நான் சுத்தி முடிச்சு, ஒரு தூக்கமும் போட்டுடறேன்."

"சரி, பந்து வேகமா வந்தா?"

"வந்தா செத்தேன். ஆனா வராது. போடறவ என் நாத்தனார். எனக்குன்னா ஆமைப் பந்துதான்."

நாத்தனார் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனை அணிக்குப் பந்து வீசுகிறவளும் அவள்தான். ஓடுகிற வண்டியை, பயணியின் மடியில் இருக்கும் முட்டைகூட அசையாமல் நிறுத்துவாளாம். அதே கையால் பந்தை அந்தரத்தில் நிறுத்தி, யோசிக்கவிட்டு, பிறகு அனுப்புவாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருப்பதால், பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைக்கிற அண்ணியின் பொறுமை எவ்வளவு என்று அவளுக்கு அத்துப்படி. இந்தப் பருவம் முழுக்க அண்ணி அவளிடம் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. நேற்று ரொட்டி அணியின் தலைவி, அதாவது மாவுப் பிரிவு மேற்பார்வையாளர், ஒரு பென்சிலை அவசரத்தின் கையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் அடிக்கலேன்னா, அடுத்த ஆட்டத்துலேர்ந்து பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுது. உன் இடத்துக்கு பேக்கிங் பொண்ணு வருவா."

அடுப்பு முன்னால் வெந்து சாகிற வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஒன்றுதான். அதையும் ஒரு பென்சிலுக்கு விட்டுக்கொடுப்பதா?

"சிவப்பு தரட்டுமா, நீலமா?" என்றார் கடைக்காரர்.

"கறுப்பு. என் பழைய மட்டை மாதிரியே அச்சு அசலா இருக்கணும்."

வீட்டில் அதைக் கணவரின் அலமாரியில், கால்சட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தாள். சாயங்காலமே அவர் கண்டுபிடித்து, ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கி, தன் கால் கட்டைவிரலிலேயே போட்டுக்கொண்டார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். 'முதல்ல நீங்க ஒண்ணு மாட்டுங்க' என்று ஊர் கேலி செய்வதைப் பொருட்படுத்தாமல் ஆட்டத்துக்கு நடுவராகவும் நிற்பவர்.

"உங்க தங்கச்சிகிட்ட மூச்சு விட்டீங்க..."

"நான் நடுவர். எனக்குப் பொண்டாட்டியும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது," என்றார், விரலைப் பிடித்துக்கொண்டு.

வாயைத் திறக்க மாட்டார், நிஜம்தான். ஆனால் அவருடைய முகம் தானாகத் திறந்துகொள்ளும். சின்ன வயதில் அவர் மிட்டாய் திருடியதையெல்லாம் தங்கை அந்த முகத்தைப் பார்த்தே சொன்னவள். அன்று இரவு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"அண்ணி, என்ன தைல வாசனை?" என்றாள் நாத்தனார்.

"ட்ரே தூக்கினேன். தோள் பிடிச்சுக்கிச்சு."

"பாத்துக்குங்க. நாளைக்கு சும்மா நிக்கவாவது தெம்பு வேணுமே."

மறுநாள் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ரொட்டி அணி ஒரே ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. மூன்றாவது தளத்தில் ஒருத்தி நின்றாள். இன்னும் ஒருவர் வெளியேறினால் கதை முடிந்தது. அவசரம் கனத்த மட்டையோடு போய் நின்றாள். பைக்குள் பழைய மட்டை, இடுப்பில் பென்சில்.

முதல் பந்து ஆமைப் பந்து. மட்டை தன் பாரத்தால் அவளைப் பிடித்து நிறுத்தியது. பருவத்திலேயே முதல்முறையாக அவள் காத்திருந்தாள். இடி இடித்தது போல ஒரு சத்தம். பந்து பறந்தது, ஆனால் கோட்டுக்கு வெளியே. ஒரு வாய்ப்பு போயிற்று.

நாத்தனார் பந்தைப் பார்க்கவில்லை. மட்டையைப் பார்த்தாள். அண்ணியின் தோளைப் பார்த்தாள். தைல வாசனை அங்கே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த பந்து வேகப் பந்து. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவசரத்தின் கை கிளம்பியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும் போனால் அவள் வெளியே.

"பேட்டை மாத்துடி," என்று கத்தினாள் தலைவி. "கட்டிலைத் தூக்கிட்டு வந்து நிக்கறா பாரு."

இன்னொரு வேகப் பந்து வந்தால் இந்த மட்டை உதவாது. மாற்றினாலோ ஆமைப் பந்து வரும், பழைய மட்டையில் கை முந்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் பென்சில்தான். நேரம் கேட்டுப் பெஞ்சுக்குப் போனாள். முதுகைத் திருப்பிக்கொண்டு பையைக் குடைந்தாள். கறுப்பு மட்டைகள் இரண்டும் டொக் டொக் என்று மோதிக்கொண்டன. அதில் ஒன்றோடு திரும்பி வந்தாள்.

"என்ன அண்ணி, பழசுக்கே வந்துட்டீங்களா?"

"போட்டுப் பாரு, தெரியும்."

நடுவில் மட்டை மாற்றினால் நடுவர் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆட்டத்தின் விதி. இதை அவள் அறவே மறந்திருந்தாள். கணவர் கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியுமா?

அவர் வாங்கினார். அவருடைய கால் கட்டைவிரல் அந்தக் கனத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டது. அதே மட்டை. நாத்தனார் தன் இடத்தை விட்டு இறங்கி, அண்ணன் முகத்தைப் படிக்க நேரே வந்து நின்றாள். மைதானமே மூச்சை நிறுத்தியது; மேலே போன காக்கைகூடச் சிறகை அடிக்காமல் நின்றது.

முகம் தெரியவில்லை. பந்து பட்டுவிடாமல் நடுவர் மாட்டும் கம்பிக் கவசம், நெற்றி முதல் தாடை வரை.

"அண்ணா, அதைக் கழட்டேன்."

"ஆட்டம் நடக்கறப்ப கழட்டக் கூடாது. உன் இடத்துக்குப் போம்மா."

"பேட் எப்படி?"

"விதிப்படி இருக்கு," என்றார் கம்பிக்குள்ளிருந்து. குரல் கல் மாதிரி இருந்தது.

நாத்தனார் திரும்பிப் போனாள். பந்தை விரல்களுக்குள் உருட்டினாள். வேகமா, மெதுவா? அவளுக்கு அண்ணியைத் தெரியும். பயந்தால் பழையதைத்தான் பிடிப்பாள். அண்ணியின் முகத்தில் பயம் அப்பட்டமாக எழுதியிருந்தது. பயம் உண்மைதான். அதில் நடிப்பே இல்லை.

கை சுழன்றது. பந்து கிளம்பியது.

ஆமை.

அவசரத்தின் உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் இப்போதே சுத்து என்று கூவியது. மட்டை மட்டும், பாறை போல, நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. அவள் அதன் பேச்சைக் கேட்டாள். பந்து வந்தது, தயங்கியது, இறங்கியது. அதற்குப் பிறகுதான் மட்டை கிளம்பியது. கிளம்பியதை யாராலும் நிறுத்த முடியாது.

பந்து வேலியைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது, பணிமனைக் கூரைத் தகரத்தில் விழுந்து உருண்ட சத்தம் அடுத்த ஆட்டம் வரைக்கும் கேட்டது. மூன்றாம் தளத்தில் நின்றவள் வந்து சேர்ந்தாள்; கணக்கு சமம். அவசரம் நான்கு தளத்தையும் சுற்றி வந்து ஆட்டத்தை ஜெயித்தாள், வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாக.

நாத்தனார் நேரே வந்து கீழே கிடந்த மட்டையை எடுத்தாள். மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லல பாப்பா," என்றார் அவர்.

"ராத்திரி சாப்பாட்டுக்கும் அந்தக் கம்பியை மாட்டிக்கிட்டே உக்காரு. நான் உன் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் எல்லாப் பந்தும் வேகமாத்தான் வரும். சொல்லிட்டேன்."

"வரட்டும். பழசும் பையிலதான் இருக்கு."

தலைவி வந்து கையை நீட்டினாள். அவசரம் இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்தாள். சுற்றிய வேகத்தில் அது இரண்டாக முறிந்திருந்தது.

"உடைஞ்சிடுச்சுக்கா."

"உடைஞ்சா போவுது," என்ற தலைவி துண்டுகளை வாங்கித் தூர எறிந்தாள். "பேக்கிங் பொண்ணுக்குப் புதுசு வாங்கிக்கலாம்."